ஆடாத டயல்

இருட்டில் ஒரு சின்ன விமானம் கடலோர ஊர் ஒன்றை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அதை ஓட்டிய எட்வினுக்கு விடியற்காலையிலிருந்து ஓய்வே இல்லை.

அவருக்குத் திசை சொல்ல இருவர் இருந்தார்கள். கண்ணாடிக்கு மேலே தொங்கிய காம்பஸ் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். கீழே இருந்த டயல் ஆடவே ஆடாது. ஆனால் போகப் போகச் சரியான திசையிலிருந்து கொஞ்சம் விலகிவிடும். அதனால் காம்பஸைப் பார்த்து அதை அவ்வப்போது திருத்த வேண்டும். அன்று எட்வின் அதை மறந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க விலகிட்டீங்க. நாம கடலுக்குள்ள போயிட்டிருக்கோம்" என்றது காம்பஸ்.

"நானா? நான் அசையுறேனா பாரு. நீதான் தம்பி நடுங்கிட்டே இருக்கே."

"நடுங்கினாலும் வடக்கைத்தானே காட்டுறேன்? ஒரே ஒரு தடவை அவரு என்னைப் பார்த்தாப் போதும்."

"பாவம், அசந்துபோயிருக்காரு. உன் ஆட்டத்தை யாரு பார்த்துக்கிட்டிருப்பா?"

எட்வின் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தார். ஆடும் காம்பஸைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. சட்டென்று டயலுக்கே திரும்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன.

"அப்பாடா, ஊர் வந்திருச்சு" என்று எட்வின் விமானத்தை இறக்கத் தொடங்கினார்.

"இப்பவாவது நம்புறியா?" என்றது டயல்.

காம்பஸ் கீழே பார்த்தது. அந்த விளக்குகள் எல்லாம் மீன்பிடிப் படகுகளில், அலையில் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தன.