கூடுதலாக ஒரு தட்டு

அந்த ஹாலிவுட் படத்தில் ஆடுவது நாயகி லொரெய்ன்தான். பிறகு ஒலிப்பதிவு அறையில் திரையைப் பார்த்தபடியே, தகடு பதித்த காலணியோடு ஆடிக் காலடிச் சத்தம் சேர்ப்பவள் வெர்னா.

"கடைசியில ஒரு தட்டு கூடுதலா விழுந்திருக்கு. அவங்க கால்தான் நின்னுடுச்சே?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"யாருக்குக் கேக்கப் போகுது, விடுங்க" என்றாள் வெர்னா.

முதல் காட்சியன்று பின்வரிசையில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்து திரையில் லொரெய்ன் அசையாமல் நின்று சிரிக்க, டக்கென்று ஒரு சத்தம். முன்வரிசையில் இருந்த லொரெய்ன் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி இருட்டுக்குள் தேடினாள். வெர்னா கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.