டில்லர் மாற்ற மறுத்த தேதி

"முடியாதாம்!"

டெலிபோனை டொக்கென்று வைத்தார் எங்கள் கோச் பர்க். எதிரே நானும் ஹெர்ஷலும் நின்றுகொண்டிருந்தோம்.

எழுபதாம் வருஷம், ஒஹையோவில் எங்கள் சின்னக் கல்லூரி. எங்கள் ஊர் ஃபுட்பாலில் காலுக்கு அவ்வளவாக வேலை கிடையாது. முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம். ஆனால் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்க ஒருத்தன் வேண்டும். அவன்தான் ஹெர்ஷல் லாபிடஸ். அவன் உதைக்கப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிப்பவன் நான், ஸ்டான். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட என் விரலில் அவன் பூட்ஸ் பட்டதில்லை. என்ன கால் அது! முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன இந்த வயதிலும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

எங்கள் பெரிய ஆட்டம் அந்த வருஷம் யோம் கிப்பூர் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. யூதர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஜெபக்கூடத்தில் நின்று கடவுளிடம் மன்னிப்புக் கேட்பார்கள்.

கோச் முதலில் தாராளமாகத்தான் சொன்னார். "இவ்வளவுதானே? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆடிடலாம்."

ஹெர்ஷல் நெளிந்தான். "சார்... எங்க நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆரம்பிச்சுடும்."

"என்னடா உளர்ற? சாயங்காலம் எப்படிடா நாள் ஆரம்பிக்கும்?"

"சூரியன் விழுந்தா எங்களுக்கு அடுத்த நாள் சார். அதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சு ஜெபக்கூடத்துல இருக்கணும்."

"உங்காளுங்க கடிகாரத்தைத் தலைகீழா மாட்டிட்டாங்களா?" கோச் தலையில் கைவைத்துக்கொண்டார். எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது; அதனால் சனி ராத்திரியும் ஆகாது. மிச்சம் ஞாயிறுதான். அதைக் கேட்கத்தான் எதிரணிக் கோச் டில்லருக்குப் போன் போட்டார்.

"ஞாயிறு சர்ச்சுக்குப் போற நாளாம். அன்னிக்கு அவர் பசங்க பந்தைத் தொட மாட்டாங்களாம். வேற வாரமும் ரெண்டு பேருக்கும் காலி இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கே நியாயம்! அவர் சாமிக்கு ஒரு நாள் உண்டு, இவன் சாமிக்குக் கிடையாதா?"

கோச் ஹெர்ஷலைப் பார்த்தார். "நான் வற்புறுத்த மாட்டேன். நீயே முடிவு பண்ணு."

வெளியே வந்ததும் சொன்னேன். "யோசிக்காத. நீ ஜெபத்துக்குப் போ."

"போறது பெரிசில்லடா ஸ்டான். நான் இல்லாம தோத்துட்டா? 'லாபிடஸ் வரல'ன்னா சொல்வாங்க? 'அந்த யூதன் கவுத்துட்டான்'னுதான் சொல்வாங்க. எங்கப்பா இந்த ஊர்லதான் கடை வச்சிருக்காரு."

சொல்வார்கள், எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலை, மைதானத்தை ஒட்டின தெருவில் அப்பாவும் பிள்ளையும் நடந்து போனார்கள். கோட்டு சூட்டு, காலில் மட்டும் கான்வாஸ் ஷூ. அன்றைக்குத் தோல் காலணி ஆகாது. ஹெர்ஷல் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பாவி, எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்!

அவனுக்குப் பதிலாக உதைக்கும் பாக்கியம் எனக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனதும் ஆறு புள்ளி; உபரியாக ஒரு புள்ளிக்கு என்னை உதைக்கச் சொன்னார்கள். உதைத்தேன். பந்து நேராகப் பேண்டுக்காரனின் டிரம்மில் போய் விழுந்தது. "இனிமே காலைத் தூக்கினே, ஒடிச்சுடுவேன்" என்றார் கோச். அடுத்த தடவை எல்லையைத் தாண்டியதும் உதைக்காமல், விழுந்து புரண்டு ஓடியே உபரியாக இரண்டு புள்ளி எடுத்தோம்.

எதிரணியும் இரண்டு தடவை எல்லையைத் தாண்டியது. அவர்கள் அணியில் உதைக்கும் வெய்ன், நிஜத்தைச் சொன்னால், ஹெர்ஷலைவிடக் கெட்டிக்காரன். ஆனால் டில்லர் இரண்டு தடவையும் அவனை உதைக்க விடவில்லை. ஓடச் சொன்னார். இரண்டு தடவையும் மடக்கிவிட்டோம்.

கடைசி நிமிஷம். நாங்கள் இரண்டே புள்ளி முன்னால். பந்து அவர்கள் கையில், எங்கள் கம்பத்துக்குப் பக்கத்தில். இப்படி நடு ஆட்டத்தில் கம்பத்துக்குள் உதைத்தால் மூன்று புள்ளி, ஜெயித்துவிடுவார்கள்.

போச்சு என்று நினைத்தேன். ஹெர்ஷல் தலை உருளப் போகிறது.

வெய்ன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான். டில்லர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். இந்தத் தடவையும் ஓட்டம்தான். நாங்கள் அத்தனை பேரும் பந்துக்காரன் மேல் விழுந்தோம். விசில் ஊதிவிட்டது.

ஜெயித்துவிட்டோம்! ஹெர்ஷலைப் பற்றி இனி எவனும் வாய் திறக்க முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் டில்லரைப் பிடித்துக்கொண்டது. "கிழவா, உதைக்கறதுன்னு ஒண்ணு இருக்கே, தெரியுமா?" அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

கை குலுக்கும்போது வெய்னிடம் கேட்டேன். "உங்க கோச்சுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாதா?"

வெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எல்லாம் தெரியும். லாபிடஸ் வர மாட்டான்னு உங்க கோச் முன்னமே போன்ல சொல்லிட்டாராம். காலையில பஸ் ஏறும்போதே என்கிட்ட சொல்லிட்டாரு: 'என் ஞாயித்துக்கிழமையை நான் விட்டுக்குடுக்கல, அதனால அந்தப் பையன் ஆட்டத்தை விட்டுட்டு ஜெபத்துக்குப் போயிருக்கான், அவன் உதைக்க முடியாத நாள்ல நீயும் கம்பத்தைப் பார்த்து உதைக்கக் கூடாது.'"