மைனிச்சாச்சா?

“துவைக்கிற மெஷின் புத்தகம் மைனிச்சாச்சா?”

“பாதி ஆச்சு. மைனிக்காம அச்சுக்கு அனுப்பிடாதீங்க, வம்பு.”

தடுப்புக்கு அப்பால், கம்ப்யூட்டரில் புத்தகத்துக்குப் பக்கம் கட்டும் பெண்ணும் அச்சு வேலை பார்ப்பவரும் பேசிக்கொண்டது பண்டிதர் காதில் விழுந்தது. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

மெஷின் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு விளக்கப் புத்தகம் இருக்குமே, அதை இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுதித் தருகிற அலுவலகம் அது. பண்டிதர் அங்கே பதினான்கு வருடம். பெயர்ச்சொல்லைப் பிடித்து இழுத்து வினைச்சொல்லாக்கிவிடும் இங்கிலீஷ்காரன் புத்தி தனக்குத் தலைகீழ்ப் பாடம் என்பார். ‘ஆயில்’ என்றால் எண்ணெய். அதுவே எண்ணெய் போடுவதும். ‘கிரீஸ்’ என்றால் கிரீஸ். அதுவே கிரீஸ் பூசுவதும். எந்தப் பொருளோ அதைப் போடு, அவ்வளவுதான் சூத்திரம். தமிழில் அந்த வேலையெல்லாம் நடக்காது, பின்னால் ஒரு ‘பண்ணு’ ஒட்டினால்தான் வண்டி ஓடும் என்றும் சொல்வார்.

அந்த நினைப்பில் மண்ணை அள்ளிப் போட வந்தவள் மைனா. மூன்று வருடமாக அவர் பிரிவில் இருக்கிறாள். ஓயாமல் வளவளவென்று பேசுவதால் யாரோ வைத்த பெயர் அது. முதலில் ‘மைனா பண்ணு’ என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் ‘பண்ணு’ உதிர்ந்து போனது. இப்போது மைனிச்சேன், மைனிக்கிறேன், மைனிப்பேன் என்று மூன்று காலமும் காட்டுகிறது. நேற்று வந்த பெண்ணுக்கு மொழியிலேயே இடம் கிடைத்துவிட்டது. பதினான்கு வருடம் உழைத்தவர் பெயரை வைத்து ஒரு வாயாவது ஏதாவது செய்ததா?

அப்படியென்றால் என்னதான் அர்த்தம் என்று ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டார். பக்கம் கட்டும் பெண் திருதிருவென்று விழித்தாள். சும்மா ஒரு பேச்சு சார், நல்லா கொண்டு வர்றதுன்னு வச்சுக்கோங்களேன் என்று நழுவிவிட்டாள். நல்லா கொண்டு வருவதாம். அப்போது இவர் என்ன, சொத்தையாகவா கொண்டு வந்தார்? இந்த மூன்று வருடத்தில் ஒரு புகார்கூட வராத புத்தகங்கள் யாருடையவை?

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். “ஏங்க, உங்க பேரும் எப்பவோ வினைச்சொல் ஆயாச்சு. யாராவது புரியாத மாதிரி பேசினா, ‘பண்டிதம் பண்ணாதே’ன்னுதான் பிள்ளைங்க சொல்லுதுங்க” என்று அவள் சிரித்தாள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்கு வாய் மைனா மைனா என்று கிடக்கிற இடத்தில் நாற்காலி வேறு யாருக்குப் போகும்? நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

“குறை சொல்றேன்னு நினைக்காதீங்க சார். மூணு வருஷத்துல அந்தப் பொண்ணு பேர்ல எத்தனை புத்தகம் வந்திருக்குன்னு மட்டும் எடுத்துப் பாருங்க.”

மேலாளர் எடுத்துப் பார்த்தார். அவள் பெயரில் நான்கு. பண்டிதர் பெயரில் முப்பத்தொன்று.

இத்தனை நாள் என்னம்மா செய்தாய் என்று மேலாளர் மைனாவைக் கூப்பிட்டுக் கேட்டாராம். பொரிந்து தள்ளுகிறவள் அன்று வாயே திறக்கவில்லையாம். அடுத்த வாரமே ஊர்க்கோடியில் இருந்த கிடங்குக்கு அவளை மாற்றினார்கள். உதிரிபாகங்களுக்குப் பெயர் எழுதும் வேலை. கிளம்பும்போது பண்டிதர் மேஜைக்கு வந்தாள்.

“இன்டர்வியூல எல்லாரும் வேண்டாம்னப்ப நீங்கதான் என்னை எடுத்தீங்க. அதை மறக்கலை சார். நாற்காலி உங்களுக்குத்தான் வரணும்.”

என்ன நடிப்பு என்று பண்டிதர் மனதுக்குள் கறுவிக்கொண்டார். நாற்காலியும் வந்தது. அலுவலகத்தில் அந்த வினைச்சொல் அடங்கிப்போனதில் அவருக்குப் பரம திருப்தி.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் மேலாளர் அவர் அறைக்குள் வந்து, அச்சடிக்கிற மெஷினின் விளக்கப் புத்தகத்தை மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

“இங்கிலீஷ்ல ‘டஸ்ட்’ பண்ணச் சொல்லியிருக்கான். உருளையில இருக்கிற தூசியைத் துடைக்கணும்னு அர்த்தம். நீங்க ‘தினமும் உருளைமேல் தூள் தூவவும்’னு எழுதியிருக்கீங்க. வாங்கினவங்க பவுடர் வாங்கித் தூவியிருக்காங்க. பதினோரு மெஷின் நின்னு போச்சு.”

மூன்று வருடமாக வராத தப்பு இப்போது எப்படி வந்தது என்று மேலாளர் கேட்டார். இன்னொன்று இப்படி வந்தால் நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பண்டிதர் விறுவிறுவென்று பக்கம் கட்டும் பெண்ணிடம் போனார். அச்சுக்குப் போகும் முன்னால் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையா என்று சீறினார்.

“எழுத்துப்பிழை பார்த்தோம் சார். மைனிக்கத்தான் ஆள் இல்லை.”

“என்னம்மா அந்த எழவெடுத்த வார்த்தை? இப்பவாவது அர்த்தத்தைச் சொல்லித் தொலை.”

அவள் எழுந்து நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று அச்சு வேலை பார்ப்பவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

“நீங்க எழுதிக் குடுக்கிறதை உங்களுக்குத் தெரியாம முதல்லேர்ந்து திருத்தி எழுதிட்டு, கீழே உங்க பேரையே விட்டு வைக்கிறது சார்.”