நாலரை வரைக்கும்

சுபாஷிணியின் மடிக்கணினியில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஹாலில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

பட்டுப்புடவையோடு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த மல்லிகை கழுத்தில் குறுகுறுத்தது. கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"அறுபத்தெட்டு!" என்று அறை வாசலில் நின்று அப்பா ஹாலுக்கு அறிவித்தார்.

ராமசுப்ரமணியன் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். மேசைக்கு வந்த கோப்பைப் பாதியில் விட்டு எழுந்தவரில்லை. "ஆபீஸ் வேலைப்பா, நூறு சதவீதம் ஆகணும். நடுவுல எழுந்தா நின்னுடும்" என்று மகள் சொன்னதை, பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகவே சொல்லியிருந்தார். அந்த டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் ஆபீஸ் வேலைக்கு மேல் ஒரு சாமி கிடையாது.

உண்மையில் அது ஆபீஸ் வேலையுமில்லை. எழுந்தால் நிற்கப்போவதுமில்லை.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு எடிட்டர். கணினியில் எழுதுவதற்கான மென்பொருள், அவ்வளவுதான். ஒரு வரி அடித்தால் ரெடிமேட் சட்டை மாதிரி தயாராக வந்து இறங்கிவிடும். அவளோ மூலநிரலை இறக்கி, துணி எடுத்து வெட்டித் தைப்பதுபோல் முதலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் ஒரு மென்பொருளையே கட்ட உட்கார்ந்தாள்.

திட்டம் சுலபமானது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் ஹாலுக்குப் போய் நமஸ்காரம் பண்ணிவிட்டால் இன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிடுவார்கள். போகாவிட்டால், பையனின் அம்மா சாவித்திரி மாமி சாயங்கால விமானத்தில் சென்னைக்குப் போய்விடுவாள். நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடி முடிவதற்குள் சுபாஷிணி பெங்களூரில் புது வேலைக்குச் சேர்ந்திருப்பாள். அங்கிருந்து போனில் "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். போனில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. பழைய கணினியில் இந்த வேலை ஒரு மத்தியானம் முழுக்க இழுக்கும். இது அப்பா ஆசையாக வாங்கித் தந்த புதுசு. இதற்கு எட்டுக் கோர், அதாவது எட்டுக் கை. ஏழு கைகளைக் கட்டிப்போட்டு ஒன்றை மட்டும்தான் வேலைக்கு விட்டிருந்தாள். அந்த ஒன்றே பறந்தது; நாலரைக்கு முன்பே நூறைத் தொட்டுவிடும்.

"எழுபத்தொன்பது!"

எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஓடவிடலாம்தான். ஆனால் அப்பா பின்னாலேயே நிற்கிறார். எண் குறைந்தால் விளக்கம் கேட்பார். எழுத்தில் கேட்டாலும் கேட்பார்.

"எங்காத்துக்கு வந்தாலும் இப்படித்தான் பொட்டியப் பாத்துண்டு உக்காந்திருப்பாளோ?" என்று ஹாலிலிருந்து மாமியின் குரல் வந்தது.

அம்மா அனந்தலக்ஷ்மி ஓடிவந்து பல்லைக் கடித்தாள். "ஏண்டி, காபியக் குடுத்துட்டு வந்து உக்காந்துக்கோயேன். ஜல்தி!"

"எழுந்தா நின்னுடும்மா."

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது.

"மாப்பிள்ளை! நீங்களும் இதே லைன்தானே? கொஞ்சம் வந்து பாருங்கோ. சீக்கிரம் முடிக்க ஏதாவது வழி இருக்கும்."

குர்கானில் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். சுபாஷிணியின் பொய்யைப் பிடிக்க அவனுக்கு ஒரு பார்வை போதும்.

சுந்தரேஷ் உள்ளே வந்தான். பெண்ணைப் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து திரையைப் பார்த்தான். தொண்ணூற்றுமூன்று. மணி நாலேகால்.

"ஒரு கோர்தான் ஓடறது," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "மிச்ச ஏழும் லீவா?"

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"இத ஒரே வரில இன்ஸ்டால் பண்ணிடலாமே?"

"தெரியும்."

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் ஹால் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கட்டிப்போட்ட ஏழு கைகளையும் அவிழ்க்கப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அப்புறம் காபித் தட்டு, நமஸ்காரம், தாம்பூலம். அவள் எழுந்திருக்கத் தோதாகக் காலைக் கீழே இறக்கினாள்.

அவன் ஓட்டத்தை நிறுத்தினான். இரண்டே சொல் அடித்தான். அதுவரை கட்டியதையெல்லாம் ஒட்டத் துடைத்துப்போடுகிற கட்டளை அது. துடைத்து முடிந்ததும், அதே ஒற்றைக் கையோடு முதலிலிருந்து ஓடவிட்டான்.

எண்ணைச் சொல்லத் திறந்த அப்பாவின் வாய் அப்படியே நின்றது.

"அடியிலேயே கோளாறு, அங்கிள்," என்று சுந்தரேஷ் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான். "மறுபடி மொதல்லேர்ந்துதான் பண்ணணும். நடுவுல இவா எழுந்துக்கவே கூடாது."

"ஆபீஸ் வேலைன்னா அப்படித்தான்," என்று அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, கெட்ட சேதியோடு ஹாலுக்குப் போனார்.

சுபாஷிணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஏசி ஓடும் அறையில் அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்?" என்று அவன் திரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தான். "வர்ற வழில பாராபுல்லா ஃப்ளைஓவர்ல வேணும்னே மூணு தடவை காரத் தப்பா ஏத்தி எறக்கினேன். அப்படியும் நாலரைக்கு முன்னாடி வந்து சேந்துட்டோம்."