பன்னிரண்டாவது முள்

திண்டிவனத்து வாடகை வீட்டில் காலை வெயில் மேசைமேல் விழுகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் சுவரில் அழகுக்கு மாட்டக் கேட்டதால், என் மனைவி தமிழ்ச்செல்வி இறகு வைத்துக் கட்டிய தூண்டில் முட்கள் பதினொன்று கண்ணாடி பிரேமுக்குள் இருக்கின்றன. அவள் செத்து ஒன்பது நாள். பன்னிரண்டாவதைக் காணவில்லை. வாசலில் கூரியர்க்காரர், “ஜல்தி சார், வண்டி நிக்குது” என்கிறார். அவள் தங்கை கவிதா ஒரு புடவையோடு வருகிறாள். “அக்கா முந்தானையிலயே குத்தி வச்சிருக்குது மாமா. இத்தயாவது நாம வச்சிக்கலாம்.” முள்ளைக் கட்டிய கறுப்பு நூலோடு தமிழ்ச்செல்வியின் தலைமுடி ஒன்றும் முடிச்சில் இறுகியிருக்கிறது. என் மூச்சுப் பட்டு இறகு நடுங்குகிறது. “பன்னண்டுன்னு அவ வாக்கு குடுத்திருக்கா, கவிதா.” காலி இடத்தில் அதைப் பொருத்திக் கண்ணாடியை மூடுகிறேன். குனிந்து மெல்ல ஊதுகிறேன். கண்ணாடி மங்கித் தெளிகிறது. இறகு அசையவில்லை.