விட்டுப்போன 'ன்'

"எழுத்து ஒன்னு விட்டுப்போச்சு தம்பி," என்றாள், பலகை எழுதச் சொல்லியிருந்த பரிமளம்.

அழகமுத்துவுக்குச் சுருக்கென்றது. கண்டியில் அவன் எழுதும் பெயர்ப்பலகைகளில் தமிழ்ப் பிழை இருக்காது. போரில் இறந்த இளம் இராணுவ அதிகாரி ஒருவரின் பெயரை அவர் வளர்ந்த குண்டசாலை வீதிக்கு வைக்கிறார்கள், நாளை திறப்பு. மேலே சிங்களத்திலும் கீழே தமிழிலும் எழுதி முடித்திருந்தான்: 'கப்டன் ஜயந்த மாவத்தை.' மாவத்தை என்றால் சிங்களத்தில் வீதி.

"போன்ல நான் என்ன சொன்னேன்?"

"'ஜயந்தன்னு எழுதுங்க'ன்னு சொன்னீங்க. 'ஜயந்த'ன்னு எழுதிட்டேன்."

"கடைசியில 'ன்' எங்க?"

"சிங்களப் பேருக்கு 'ன்' வராதும்மா. அவரு வீட்டாளுங்க பார்த்தா கோவிச்சுக்குவாங்க."

"கோவிக்க மாட்டாங்க. போடுங்க."

"போட்டா தமிழ்ப் புள்ளைன்னு நெனச்சுடுவாங்களே!"

"நான் பெத்த புள்ளைய வேற எப்படி நெனப்பாங்க?"

'ன்' போட இடம் வேண்டி, அழகமுத்து தமிழ் வரியில் 'மாவத்தை'யை அழிக்கத் துணியை எடுத்தான்.

பரிமளம் பலகையின் மேல் வரியைச் சுட்டிக் காட்டினாள்.

"மொதல்ல சிங்களத்துல போடுங்க தம்பி."