மட்டமான பிளக்

"நீ விக்கிறது ஸ்பார்க் பிளக்கா, சாக்பீஸாடா?"

மெர்வ் போட்ட சத்தத்தில், கார் துடைக்கிற துணி வாங்க வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற கடைக்காரன் கோஸ்டாவுக்குக் காது சிவந்துவிட்டது. "யோவ் மெர்வ், போர்ட் பிரியில பாதி ஊர் என்கிட்டதான் பிளக் வாங்குது. உன் ஹோல்டன் கார் மட்டும்தான் ஓட மாட்டேங்குது. ரெண்டு செட்டு மாத்திக் குடுத்தாச்சு. கோளாறு பிளக்லயா, உன்கிட்டயா?"

"நாப்பது வருஷம் ஒர்க்‌ஷாப் நடத்தினவனைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? உங்கப்பன் லாரிக்கே நான்தான்டா பிளக் மாட்டினேன்."

"அதனாலதான் அவரு கடைசி வரைக்கும் சைக்கிள்ல போனாரு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மெர்வின் மனைவி பெரில் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கியபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அப்பாவி கோஸ்டா வாங்கும் ஒவ்வொரு திட்டும் அவள் மேலேயே விழுந்தது.

"கொஞ்சம் சூடா எரியற ரகமா குடு. கிழட்டு எஞ்சின், எண்ணெய் குடிக்குது. சாதாப் பிளக் கரி பிடிச்சிடும்" என்றார் மெர்வ். கோஸ்டா எடுத்துப் போட்ட பெட்டியைத் தூக்கிப் பிடித்தவர், "கண்ணாடியை மறந்துட்டேன். நம்பரைப் படி, பெரில்" என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. பெரில் படித்துச் சொன்னாள்.

ஒவ்வொரு பிளக்காக எடுத்து, வெள்ளைப் பீங்கான் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நாலாவதை ஒதுக்கி வைத்தார். "இதுல கீறல் இருக்கு."

கோஸ்டா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அட, ஆமாய்யா! மயிரிழை மாதிரி. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்ணு எதுக்கு? நகம் போதும்."

பெரில் அந்த நகத்தையே பார்த்தாள். நல்லவேளை, வீட்டில் கழற்றும் பிளக்குகளை அவர் இப்படிச் சோதிப்பதில்லை. 'மட்டமான சரக்கு' என்று நேரே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்.

அந்தப் பிளக்குகளை மட்டமாக்கியது பெரில்தான்.

சில வாரங்களுக்கு முன்பு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், சைக்கிளோடு ஒரு சிறுமி சாலையைக் கடக்க நின்றாள். பெரில் அலறிய பிறகுதான் மெர்வ் பிரேக்கை மிதித்தார். 'திடீர்னு வந்து குதிச்சிடுச்சு' என்றார். அந்தப் பெண் குதிக்கவே இல்லை. நின்ற இடத்திலேயேதான் நின்றாள். கண் டாக்டரிடம் போகலாம் என்றதற்கு அவர் ரெண்டு நாள் பேசவில்லை. பெர்த் நகரத்திலிருந்து மகன் ஃபோனில், 'சாவியை ஒளிச்சு வைம்மா' என்றான். அந்த மனுஷனின் கையிலிருந்து சாவியைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான், கீழே விழுந்த பிளக்கை மாட்டக் கூடாது, பீங்கான் விரிசல் விட்டால் எஞ்சின் ஓடாது என்று எப்போதோ மெர்வே சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் புது பிளக் மாட்டிவிட்டு மதியம் கண்ணயர்வார். அவள் ஒவ்வொன்றையும் கழற்றி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மாட்டிவிடுவாள். மறுநாள் வண்டி இருமிவிட்டு நின்றுவிடும்.

வீடு திரும்பியதும் மெர்வ் புது செட்டை மாட்டி முடித்தார். கை துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஜாய்ஸ் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கூப்பிட்டாள். "மெர்வ், புல் வெட்டுற மிஷின் மக்கர் பண்ணுது. ஒரு தடவை பாக்குறியா?"

"வேற ஆளைப் பாரு, ஜாய்ஸ். என் கை போச்சு."

சமையலறை ஜன்னல் வழியாக அது பெரிலின் காதில் விழுந்தது. கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே தொட்டியில் வைத்தாள். ஊரிலேயே கெட்டிக்கார மெக்கானிக் என்று பெயர் எடுத்தவரை, ஒரு பிளக் மாட்டக்கூட லாயக்கில்லை என்று அவரையே நம்பவைத்துவிட்டோமே!

மதியம் அவர் தூங்கினார். பெரில் சுத்தியலோடு போய் பானெட்டைத் திறந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். எதையும் தொடாமல் மூடிவிட்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நாமே வழி சொல்லிக்கொண்டு போவோம், அவர் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும் என்று தோன்றியது.

காலையில் மெர்வ் நண்டு வலையைப் பின் சீட்டில் போட்டார். "வா பெரில், ஜெர்மைன் கடற்கரைக்குப் போயி நண்டு பிடிச்சிட்டு வரலாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. தூங்கும் பூனை குறுகுறுப்பதுபோல ஒரே சீராக ஓடியது.

பெரில் அவர் முகத்தில் சிரிப்பைத் தேடினாள். அந்த முகம் வெளிறிப் போயிருந்தது. தெருவில் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற சத்தம் கேட்டது. மெர்வின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தன. சட்டென்று எஞ்சினை அணைத்தார்.

"என்ன ஆச்சு, மெர்வ்? நல்லாத்தானே ஓடுது?"

"அதான் பயமா இருக்கு." அவர் சாவியை உருவினார். "முன்னாடி நிக்கிறது மரமா மனுஷனான்னே எனக்குத் தெரியலை. அதை எப்படி என் வாயால சொல்லுவேன்?"

"மெர்வ்... அந்தப் பிளக் எல்லாம்... நான்தான்..."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ தட்டி வச்சிருப்பேன்னு நம்பித்தானே சாவியைத் திருகினேன்!"